இருபது நிமிடம் கண்ணைக் கட்டிக்கொள்ள

1

வி.ஆர். ஹெட்செட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1968இல், அமெரிக்காவில் தொடங்குவார்கள். ஐவன் சதர்லேண்ட் என்ற கணிப்பொறி அறிஞர் தன் மாணவர்களோடு சேர்ந்து, தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தார். கண்ணுக்கு முன்னால் வெறும் கோடுகளால் ஆன ஓர் உருவம் மிதக்கும். தலையைத் திருப்பினால் அதன் இன்னொரு பக்கம் தெரியும். தலை எந்தப் பக்கம் போகிறது என்று அளக்கும் கை கூரையிலிருந்து தொங்கியதால், டமாக்ளிஸின் வாள் என்று அதற்குப் பெயர் வந்தது. நெற்றிக்கு மேலே எப்போது விழுமோ என்று தொங்கும் வாள்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அதற்கும் 110 வருடம் முன்னால், நிலக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்திலேயே ஒரு தொடக்கம் இருக்கிறது.

1858இன் தொடக்க மாதங்களில் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் மதுரைக்கு வந்தார். சென்னை மாகாண அரசு நியமித்த புகைப்படக்காரர். கேமராவையும் ரசாயனங்களையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு சேலம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று ஒரு சுற்று. மதுரையில் நாயக்கர் மகாலையும் மீனாட்சியம்மன் கோயிலையும் தெப்பக்குளத்தையும் பெரிய பெரிய படங்களாக எடுத்தார். கூடவே இன்னொரு வகைப் படமும் எடுத்தார். ஒரே தூணை, ஒரே மண்டபத்தைச் சற்றே தள்ளித் தள்ளி இரண்டு படம். இரண்டையும் அருகருகே ஒட்டி, இரண்டு லென்ஸ் வைத்த பெட்டிக்குள் செருகிக் கண்ணை வைத்தால், தட்டையான படம் சட்டென்று ஆழம் கொள்ளும். முன்தூண் முன்னால் வரும், பின்தூண் பின்னால் போகும். மதுரையின் இந்த ஸ்டீரியோ படங்கள் அந்த வருடமே தனித் தொகுப்பாக வெளிவந்தன.

இதன் சூத்திரத்தை 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் லண்டனில் விளக்கியிருந்தார். இடது கண்ணும் வலது கண்ணும் உலகத்தைக் கொஞ்சம் வெவ்வேறாகப் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தைத்தான் மூளை ஆழமாகப் படிக்கிறது. அவர் கண்ணாடிகளை வைத்துச் செய்ததை டேவிட் ப்ரூஸ்டர் கைக்கு அடக்கமான லென்ஸ் பெட்டியாக மாற்றினார். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் அதைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். சில வருடத்தில், இந்தப் பெட்டி இல்லாத வீடே இருக்கக் கூடாது என்று கம்பெனிகள் விளம்பரம் செய்தன. இன்று மெட்டா குவெஸ்ட் வாங்கி மாட்டுகிறோமே, அதற்குள் இருப்பதும் இதே இரண்டு படம், இரண்டு லென்ஸ். தலை திரும்பும்போது படமும் திரும்ப வேண்டும் என்பது மட்டும் சதர்லேண்டின் காலத்தில் சேர்ந்தது.

ட்ரைப்பின் மதுரைப் படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஆளே இருக்காது. அன்றைய கேமராவுக்கு ஒரு படம் விழ நெடுநேரம் வேண்டும். நடந்து போகிறவர்கள் பதிவாகமாட்டார்கள். சித்திரைத் திருவிழாவில் மூச்சுமுட்ட நின்றவர்களுக்கு அந்தக் காலி மதுரை வேறு ஏதோ கிரகம் மாதிரித் தெரியும். ஹெட்செட்டில் முதன்முதலில் நுழையும் இடங்களும் இப்படித்தான் ஆளில்லாமல், கழுவித் துடைத்ததுபோல் இருக்கின்றன.

இந்த வகைப் பெட்டி எங்கே இருந்து பார்க்கப்பட்டது என்பதுதான் என் கேள்வி. வெள்ளைக்காரர்களின் பங்களாக் கூடத்தில், நாற்காலியில் சாய்ந்தபடி. பார்க்கிறவர் கண் இரண்டையும் பெட்டிக்குக் கொடுத்துவிடலாம். ஏனென்றால் அறையைப் பார்த்துக்கொள்ள வேறு கண்கள் அங்கே சம்பளத்துக்கு இருந்தன: பங்கா இழுக்கிறவர், தேநீர் கொண்டுவருகிறவர், குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் ஆயா. 1859இல் ஆளுநராக வந்த ட்ரெவெலியன், கஜானா இருக்கும் நிலையில் இது ஆடம்பரம் என்று ட்ரைப்பின் வேலையை நிறுத்திவிட்டார். பார்வை என்பது யாருக்கு ஆடம்பரம், யாருக்கு இல்லை என்ற பேச்சு அன்றிலிருந்தே கூட வருகிறது.

2

பங்களாவுக்குள் இருந்த பெட்டியின் இன்னொரு வடிவம் தெருவுக்கு வந்தது. திருவிழாவிலும் சந்தையிலும் ஒரு காலத்தில் தவறாமல் நின்ற படப்பெட்டி. சினிமா வந்தபின் அதற்கும் பயாஸ்கோப்பு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தகரப் பெட்டி, பக்கவாட்டில் வட்ட ஓட்டைகள், உள்ளே சுருளாகச் சுற்றிய படங்கள். சில்லறையைக் கொடுத்துவிட்டுக் குனிந்து கண்ணை வைக்க வேண்டும். பெட்டிக்காரர் மேலே கைப்பிடியைச் சுற்றுவார், தாளம் தட்டுவார், இப்போது என்ன தெரிகிறது என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இந்தச் சொல்லும் குரலை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். குனிந்திருக்கும் பிள்ளைக்குத் தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. செருப்பை யாராவது தூக்கிக்கொண்டு போகலாம், அண்ணன் விட்டுவிட்டுப் போய்விடலாம். குரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை வெளி உலகம் அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பெட்டிக்கு நாலைந்து ஓட்டை என்பதால் பக்கத்தில் இன்னொரு தலையும் இடித்துக்கொண்டிருக்கும். தனியாகப் பார்க்கிற கருவிதான், ஆனால் யாரும் தனியாகப் பார்த்ததில்லை.

பார்க்காமல் வெளியே நின்றவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. பெட்டிக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, உள்ளே குனிந்திருக்கும் ஆளின் முகம் போகிற போக்கைப் பார்ப்பது. காசில்லாதவர்களின் காட்சி அதுதான்.

3

1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் திரும்பவிருந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். அவர் காட்டிய படங்களில் இயேசுவின் வாழ்க்கையும் ஒன்று. 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டும்வரைக்கும், அதற்குப் பிறகும், அவர் பெயரும் நடமாடும் சினிமாவும் பிரிக்க முடியாதவை. அங்கிருந்துதான் டென்ட் கொட்டகை, டூரிங் டாக்கீஸ் என்ற பெரிய மரபு கிளைத்தது. திண்டுக்கல் சமவெளியில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் ஒரு கொட்டகையின் பெயரைச் சொல்வார்கள். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்ததைச் சொல்வார்கள். ஒலிபெருக்கியில் சாமி பாட்டுப் போட்டதும், 'ஆகா, டிக்கெட் குடுக்க ஆரம்பிச்சிட்டான்' என்று சோற்றுத் தட்டோடு எழுந்ததைச் சொல்வார்கள்.

முதன்முதலில் சினிமா பார்த்தவர்களைப் பற்றி உலகமெங்கும் ஒரு கிண்டல் கதை உண்டு. 1896 வாக்கில் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் ரயில் வரும் படத்தைக் காட்டியபோது, ரயில் மேலே ஏறிவிடும் என்று ஜனங்கள் பதறி ஓடினார்களாம். ஜெர்மானிய ஆய்வாளர் மார்ட்டின் லோய்பர்டிங்கர் இதைத் தேடிப் பார்த்து, அன்றைய ஆவணங்களில் இதற்கு ஆதாரமில்லை, இது சினிமா தனக்குத்தானே கட்டிக்கொண்ட பிறப்புக் கதை என்றார். டாம் கன்னிங் என்ற சினிமா வரலாற்றாசிரியர் சொன்னது இன்னும் நுட்பமானது: பார்த்தவர்களுக்கு அது படம் என்று நன்றாகவே தெரியும்; தெரிந்தும் உடம்பு சிலிர்த்ததுதான் அவர்கள் காசு கொடுத்து வாங்கிய அனுபவம்.

நம் ஊரிலும் இந்தக் கதைக்கு உள்ளூர்ப் பதிப்புகள் உண்டு. திரையில் மழை பெய்ததும் துண்டைத் தலையில் போட்டவர், திரைக்குப் பின்னால் போய் நடிகையைத் தேடியவர். கவனித்தால், இந்தக் கதைகளில் ஏமாறுகிறவர் எப்போதும் பக்கத்து ஊர்க்காரர். சொல்கிறவர் ஏற்கெனவே இரண்டு படம் பார்த்தவர். இன்று அதே கதைகள் வீடியோவாகச் சுற்றுகின்றன. ஹெட்செட் மாட்டிய தாத்தா டிவியில் முட்டுகிறார், அம்மா அலறிக் கீழே விழுகிறாள், பின்னால் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம். படம் எடுக்கிறவர் முந்தாநாள்தான் அதை முதல்முறை மாட்டியிருப்பார்.

சரி, கொட்டகைக்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள்? தரை, பெஞ்சு, சேர் என்று காசுக்கு ஏற்ற வரிசை. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு தடுப்பு. இன்று அது பிற்போக்காகத் தெரியும், சரிதான். ஆனால் பெண்கள் பக்கத்தில் நடந்ததைக் கேட்டுப் பாருங்கள். தெருவோடு சேர்ந்து, வேலையெல்லாம் முடித்துவிட்டு, ஆட்டத்துக்குப் போவார்கள். பிள்ளைகள் மணலிலேயே தூங்கிவிடும். ஒருத்தி படத்தில் மூழ்கி அழும்போது இன்னொருத்தி அவள் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள். அந்த இரண்டரை மணி நேரத்தில் கேட்பதற்கு அடுப்பு இல்லை, கூப்பிடுவதற்கு மாமியார் இல்லை. முழுக் கண்ணையும் ஒரு காட்சிக்குக் கொடுத்த பெண்களின் முதல் பெரிய கூட்டம் அந்த மணல்தரைக் கூட்டம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கோயில் திருவிழாக் கூத்தில்கூட அவர்கள் பாதி நேரம் வந்தவர்களைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

4

1984இல் கேரளத்தின் நவோதயா நிறுவனம் 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்தது. இந்தியாவின் முதல் த்ரீ-டி படம். அடுத்த வருடமே தமிழில் விஜயகாந்த் நடித்த 'அன்னை பூமி' த்ரீ-டியில் வந்தது. திண்டுக்கல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதும் அந்த 1985இல்தான்.

குட்டிச்சாத்தான் வந்த நேரத்தில் கண்வலி பரவியது. ஒருவர் போட்ட கண்ணாடியை இன்னொருவர் போடுவதால்தான் பரவுகிறது என்று வதந்தி. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடியைச் சுத்தம் செய்கிறோம் என்று ரஜினிகாந்த், அமிதாப் பச்சன், பிரேம் நசீர் போன்றவர்களை வைத்து ஒரு சிறு படம் எடுத்துத் திரையிட வேண்டியதாயிற்று. கண்வலிக்கு மெட்ராஸ் ஐ என்று ஊர்ப் பெயரே வைத்திருக்கும் மாநிலத்தில் இந்தப் பயம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். முகத்தில் மாட்டும் எதுவும் இன்னொருவர் உடம்பை நம் உடம்பில் படவைக்கிறது. அவர் வியர்வை, அவர் எண்ணெய். எந்த வீட்டு டம்ளரில் யார் வாய் வைக்கலாம் என்று கணக்குப் பார்த்த ஊர்களில் ஒரே கண்ணாடியை எல்லோரும் மாறி மாறிப் போட்டது சின்ன விஷயமில்லை.

வீட்டுக்குள் படம் வந்தது டிவி வழியாக. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் போயின. இந்தப் பெட்டி கேட்ட விலை குறைவு. நான் சொல்வது உடம்பு கொடுக்கும் விலையை.

நிலக்கோட்டை பூவுக்குப் பேர்போன ஊர். சுற்றுவட்டாரத்து மல்லியும் கனகாம்பரமும் சம்பங்கியும் அங்கே சந்தைக்கு வரும். பூக்கட்டிக் கூலி வாங்கும் பெண்கள் உள்ள வீடுகளில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். டிவியில் சீரியல் ஓடும். மடியில் பூ, கையில் நார். கை தன்பாட்டுக்கு முடிச்சுப் போடும். காது வசனத்தைக் கேட்கும். கண் எப்போதாவது நிமிரும். டிவி அரைக்கண்ணை ஏற்றுக்கொள்ளும் கருவி. வானொலிக்குக் காது மட்டும் போதும். செல்போனுக்கு ஒரு கை, அதுவும் கொஞ்ச நேரம். வேலை ஓயாத ஒரு பெண், வேலையை விடாமலே பார்க்கவும் கேட்கவும் முடிந்தவை இவை. அதனால்தான் அவை அவள் வீட்டில் நிலைத்தன.

5

வீட்டு வி.ஆர். விளையாட்டுக்கு உலக அளவில் ஒரு தோல்வி வரலாறு உண்டு. 1995இல் நின்டெண்டோ கொண்டுவந்த வர்ச்சுவல் பாய், சிவப்பும் கறுப்பும் மட்டும் தெரியும் கருவி. மேசைமேல் நிறுத்தி, நம்ம படப்பெட்டி மாதிரியே குனிந்து பார்க்க வேண்டும். ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பிறகு 2012இல் பாமர் லக்கி என்ற இளைஞர் ஓக்குலஸ் ரிஃப்ட்டுக்காகப் பொதுமக்களிடம் இணையத்தில் பணம் திரட்டினார். 2014இல் ஃபேஸ்புக் அதை 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதே 2014இல் கூகுள் ஓர் அட்டைப் பெட்டியை வெளியிட்டது. இரண்டு லென்ஸ், மடித்த அட்டை, உள்ளே உங்கள் போன். ப்ரூஸ்டரின் பெட்டி நேராகத் திரும்பி வந்துவிட்டது.

தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களின் வீட்டு வி.ஆர். வரலாறு இந்த அட்டையிலிருந்தும் அதன் பிளாஸ்டிக் நகல்களிலிருந்தும் தொடங்குகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ இலவச டேட்டாவோடு வந்தது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு 'வி.ஆர். பாக்ஸ்' கிடைத்தது. போனைச் செருகி, யூடியூபில் ரோலர்கோஸ்டர் வீடியோ ஒன்றைப் போட்டு, கல்லூரி விடுதியில் ஒரு பெட்டியை முப்பது பேர் மாட்டிப் பார்த்தார்கள். இப்போது இருபத்தைந்து தாண்டிய வாசகர்களில் சிலருக்கு முதல் அனுபவம் இதுவாகத்தான் இருக்கும்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. தலை திரும்பினால் படமும் சீராகத் திரும்ப, போனுக்குள் கைரோஸ்கோப் என்ற உணரி வேண்டும். அன்றைய விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது கிடையாது. பெட்டி என்னவோ எல்லோருக்கும் ஒரே விலைதான். மாட்டினால், ஒருவன் தலையைத் திருப்பி வானத்தையும் பள்ளத்தையும் பார்த்துக் கத்துவான். பக்கத்தில் இன்னொருவனுக்கு எங்கே திரும்பினாலும் முன்னால் உள்ள அதே தண்டவாளம். 'எனக்கு ஒண்ணும் திரும்பலியேடா' என்றவனுக்குத் தன் போன்தான் காரணம் என்று கடைசிவரை தெரிந்திருக்காது. டெக்னாலஜி எல்லோருக்கும் சமமாக வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் திரும்பாத படம் ஞாபகத்துக்கு வரும்.

2019இல் போனோ கம்ப்யூட்டரோ தேவைப்படாத ஓக்குலஸ் குவெஸ்ட் வந்தது. 2020 அக்டோபரில், 299 டாலருக்கு, குவெஸ்ட் 2. இந்தியக் கடைகளில் அந்தக் கம்பெனி அதை நேரடியாக விற்கவில்லை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் லீவுக்கு வருகிறவர்களின் சூட்கேஸில், கோடாலித் தைலத்துக்கும் டாங் பவுடருக்கும் நடுவில் அது வந்தது. ஒரு காலத்தில் டேப்ரிகார்டர் வந்த அதே வழி.

6

நிலக்கோட்டையில் என் அக்கா வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. அத்தானின் தம்பி துபாயிலிருந்து அக்கா மகனுக்குக் கொண்டுவந்த குவெஸ்ட் 2. சித்திரை மாதம், வெக்கை தாங்காது. அவன் அதை வெளியே எடுத்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

முதல் வேலை எல்லை வரைவது. மாட்டியதும் கருவி வெளியே இருக்கும் அறையைக் கறுப்பு வெள்ளையில் காட்டும். கையில் உள்ள கன்ட்ரோலரால் தரையில் கோலம் போடுவதுபோல் ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு வெளியே போனால் கண்முன் வலை மாதிரி ஒரு சுவர் எழும். இந்த ஏற்பாட்டுக்குக் கம்பெனி வைத்த பெயருக்கே காவலர் என்றுதான் அர்த்தம். நடமாடி விளையாட, தடங்கல் ஏதுமின்றி ஆறரை அடிக்கு ஆறரை அடி இடம் வேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு. அக்கா வீட்டுக் கூடம் பத்துக்குப் பத்து. அதில் ஒரு பீரோ, ஒரு கட்டில், டிவி ஸ்டாண்டு, தையல் மிஷின். மிச்சம் இருந்தது பாய் ஒன்று விரிக்கும் இடம். தலைக்கு மேலே ஃபேன். கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று கருவிக்குத் தெரியாது. கட்டிலைத் தூக்கித் திண்ணையில் போட்டோம், ஃபேனை நிறுத்தினோம். ஐந்து நிமிடத்தில் முகத்தில் ஒட்டும் ஸ்பாஞ்சு வியர்வையில் நனைந்துவிட்டது.

உயரமான கட்டிடத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் நடக்கும் விளையாட்டைப் போட்டான். படம் டிவியிலும் தெரியும்படி வைத்தான். தெருவே வந்துவிட்டது. பெட்டிக்காரர் குரல் அங்கே திரும்பி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 'பைய, பைய, இங்கிட்டு பீரோ இருக்கு', 'இப்பத் திரும்பு', 'டேய் குனியாத, விழுந்துருவ'. பக்கத்து வீட்டு மாமா பலகையில் கால் வைக்காமல் பத்து நிமிடம் நின்றார். உள்ளங்கால் கூசுகிறது என்றார். தரையில் நிற்கிறோம் என்று தெரியாமல் இல்லை, தெரிந்தும் கூசியது. கன்னிங் சொன்னது அச்சு அசலாக இதுதான்.

அம்மாவைக் கூப்பிட்டான். 'அம்மாச்சி, ஒரு தடவ மாட்டிப் பாரு'. 'எனக்கு எதுக்குடா அது, கண்ணு ஆப்பரேசன் பண்ணுனது' என்று திண்ணைக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா முறை வந்தது. பட்டை பின்னந்தலையில் வந்து இறுக்க வேண்டிய இடத்தில் கொண்டை, அதில் மல்லி. பூவை எடுத்தால்தான் ஹெட்செட் நிற்கும். மனித முகத்தை அத்தனை ஆராய்ந்தவர்கள், இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள தூரத்தை 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று அளவில் நகர்த்த வழி வைத்தவர்கள், கொண்டை போட்ட தலையை யோசிக்கவில்லை. அக்கா பூவை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: 'அடுப்புல பால் இருக்கு, யாராச்சும் பாத்துக்கங்க'.

சரி சரி என்றோம். யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோர் கண்ணும் டிவியில்.

நாலு நிமிடம் மாட்டியிருந்தாள். அதற்குள் இரண்டு முறை தூக்கிப் பார்த்தாள். ஒன்று, தெருவில் மோட்டார் சத்தம், அத்தான் வருகிறாரோ என்று. இன்னொன்று, சின்னவள் அழுதது. கழற்றிய பிறகு எப்படி இருந்தது என்று கேட்டேன். 'நல்லாத்தான் இருக்கு. மூக்குக்கிட்ட ஒரு சந்து இருக்குல்ல, அது வழியா அடுப்பையும் பாத்துக்கிட்டேன்' என்றாள்.

அந்த மாடலில் மூக்கை ஒட்டி வெளிச்சம் கசியும். உலகம் முழுக்க விளையாடுகிறவர்கள் அதைக் குறை என்று சொல்லி, அடைக்கத் தனி ரப்பர் வாங்கி மாட்டினார்கள். அக்காவுக்கு அந்தக் குறை இருந்ததால்தான் நாலு நிமிடமாவது கிடைத்தது.

7

இதை எழுத உட்கார்ந்தபோது வேறொரு தலைக்கருவியும் கூடவே நினைவில் இருந்தது. நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லி பறிக்கப் போகிறவர்களில் சிலர் தலையில் டார்ச் கட்டிக்கொள்வார்கள். இரண்டு கையும் செடியில் இருக்க வேண்டும், மொட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும், காலடியில் பூச்சிபொட்டு இருந்தாலும் தெரிய வேண்டும். அதை மாட்டினால் உலகம் கூடுதலாகத் தெரியும். பெண்கள் தலையில் எதையாவது மாட்டிக்கொள்வதற்கு நம் ஊரில் யாரும் குறுக்கே நிற்பதில்லை, அது வேலைக்காக இருக்கும்வரை.

வி.ஆர். பற்றிய பேச்சில் இரண்டு கவலைகள் அடிக்கடி வரும். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், எல்லோரும் தனித்தனித் தீவாகிவிடுவார்கள். சினிமாவுக்கும் டிவிக்கும் செல்போனுக்கும் இதையேதான் சொன்னார்கள். எனக்கு வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. ஒவ்வொரு கருவியும் பார்க்கிறவரிடம் உடம்பில் ஒரு பங்கைக் கேட்கிறது: வானொலி காதை, டிவி அரைக்கண்ணை, போன் ஒரு கையை. ஹெட்செட் முழு முகத்தையும் கேட்கிறது. இருபது நிமிடம் வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரிய வேண்டாம் என்று இருக்க முடிகிறவர்தான் அதைக் கொடுக்க முடியும். பங்களாக்காரருக்குப் பங்கா இழுக்கிறவர் இருந்தார். படப்பெட்டிப் பிள்ளைக்குப் பெட்டிக்காரரின் குரல் இருந்தது. கொட்டகையில் பெண்களுக்குப் பெண்களே இருந்தார்கள். வீட்டுக்குள் ஹெட்செட் மாட்டும் பையனுக்கு அம்மா இருக்கிறாள். அம்மா மாட்டும்போது?

கம்பெனி இதை மென்பொருளால் தீர்க்கப் பார்த்தது. எல்லைக்குள் ஆளோ நாயோ வந்தால் அதன் வடிவத்தைக் கோட்டுருவாகக் காட்டும் வசதி பின்னால் வந்தது. பால் பொங்குவதை அது காட்டாது. காட்டினாலும் நிறுத்துவதற்கு அவள்தான் கழற்றிவிட்டுப் போக வேண்டும்.

இந்தக் கருவிகள் சீக்கிரம் செத்துப்போகின்றன என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓக்குலஸ் கோ 2018இல் வந்தது, 2020இல் விற்பனை முடிந்தது. கூகுள் தன் அட்டைப் பெட்டியை 2021இல் நிறுத்தியது. 2023 ஐபிஎல் சமயத்தில் ஜியோ 1,299 ரூபாய்க்குக் கொண்டுவந்த ஜியோடைவை இப்போது யார் வீட்டில் தேடினால் கிடைக்கும்? படப்பெட்டிகள் பழைய இரும்புக்குப் போனதுபோல இவையும் போய்விடும். கம்பெனி விற்ற எண்ணிக்கையை எழுதி வைக்கும். முதன்முதலில் மாட்டிய அன்று கூடத்திலிருந்து எந்தக் கட்டில் வெளியே போனது, யார் மாட்டவே இல்லை, யார் பாதியில் கழற்றினார், ஏன் கழற்றினார் என்பதையெல்லாம் எந்தக் கம்பெனியும் எழுதாது. கொட்டகைக் காலத்துப் பெண்கள் முதல் படம் பார்த்தபோது என்ன நினைத்தார்கள் என்பது இன்று நமக்குச் செவிவழியாகத்தான் கிடைக்கிறது. அன்று எழுதத் தெரிந்தவர்கள் அதைக் கேட்டு எழுதத் தோன்றாமல் விட்டார்கள். இப்போது எல்லோர் கையிலும் எழுதுகிற கருவி இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு இப்படி ஒன்று வந்திருந்தாலோ, இனி வந்தாலோ, வீடியோ எடுத்துச் சிரிப்பதற்கு முன்னால் அடுக்களைக்குப் போய் அடுப்பைக் குறைத்து வைத்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். அம்மாவிடமோ அக்காவிடமோ, 'இருபது நிமிசம் எதுவும் கேக்காது, நான் இருக்கேன்' என்று சொல்லுங்கள். அவர்கள் கழற்றியதும் என்ன பார்த்தார்கள் என்று கேட்டு, அன்றைய தேதியைப் போட்டு எழுதி வையுங்கள்.